கடைசிப் பெட்டி எது? இடம் மாறும் கன்வேயரில் 120 ஓம் வைத்த அனுபவம்

மல்டிமீட்டர் 15 ஓம் காட்டியது. பெட்டிகளுக்கு இடையே சேதி கொண்டுபோகும் கேன்-ஹெச், கேன்-எல் என்ற இரண்டு கம்பிகளுக்கு நடுவே 60 வர வேண்டிய இடம் அது. மாதவரத்தில் ஒரு பார்சல் கிடங்கு, மத்தியானம் இரண்டு மணி, மேலே தகரக் கூரை. எட்டு கன்வேயர் பெட்டிகளையும் வரிசையாக மாட்டி முடித்துவிட்டோம், ஒன்றுகூட அசையவில்லை. முந்தின நாள் அம்பத்தூர் பட்டறையில் இதே பலகைகளில் இரண்டை மேசைமேல் வைத்து மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்திருந்தேன். ஒரு பிழை இல்லை.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பெட்டியும் இரண்டு மீட்டர் நீளம். அதற்கென்று ஒரு மோட்டார், ஒரு சென்சார், ஒரு கன்ட்ரோல் பலகை, அடியில் சக்கரம். காலையில் லாரி வந்தால் எட்டையும் ஒரே நீள வரிசையாகச் சேர்ப்பார்கள். சாயங்காலம் பிரிப்பு வேலைக்கு நாலு நாலாக இரண்டு வரிசை. சில நாள் மூன்றும் ஐந்தும். எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்பதை அன்றன்றைக்கு அவர்கள்தான் முடிவு செய்வார்கள். பெட்டிகள் ஒன்றோடொன்று கேன் பஸ்ஸில், அதாவது எல்லாப் பலகைகளும் பகிர்ந்துகொள்ளும் இரண்டு கம்பிப் பாதையில், விநாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் பேசிக்கொள்ளும். இரண்டு பெட்டிகளில் மட்டும் சின்னத் திரை.

15 ஓமுக்குக் காரணம் பத்து நிமிடத்தில் கிடைத்தது. டெர்மினேஷன் ரெசிஸ்டர் என்பது கம்பி வரிசையின் இரண்டு முனைகளில் மட்டும் இருக்க வேண்டியது. நான் வாங்கிய டிரான்சீவர் பலகை (கேன் கம்பியில் சேதி அனுப்பி வாங்கும் சிப் உள்ளது) ஒவ்வொன்றிலும் அதில் ஒன்றை முன்கூட்டியே ஒட்டி அனுப்பியிருந்தார்கள். எள்ளைவிடச் சற்றுப் பெரிய கறுப்புச் சில்லு, மேலே 121 என்று எழுத்து. 12-க்குப் பின்னால் ஒரு சைபர், அதாவது 120 ஓம். மேசையில் இரண்டு பலகை இருந்தபோது இரண்டு 120 இணையாகி கச்சிதமாக 60. எட்டு சேர்ந்தால் 15. அனுப்பும் சிப்பால் அவ்வளவு பாரத்தை இழுக்க முடியாது. கேன் பஸ்ஸில் ஒரு ‘டாமினன்ட்’ பிட் (சிப் கம்பிகளை விலக்கி இழுத்து அனுப்பும் பிட்) என்றால் இரண்டு கம்பிக்கும் வித்தியாசம் சுமார் 2 வோல்ட் வர வேண்டும். வாங்கும் சிப் அதை உறுதியாக டாமினன்ட் என்று ஏற்க 0.9 வோல்ட்டாவது வேண்டும். மின்னலையை வரைந்து காட்டும் எங்கள் ஸ்கோப்பில் அந்த அளவே வரவில்லை.

கேன் பஸ் வாங்கிப் பழகுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பலகையைக் கையில் எடுத்ததும் 121 என்ற சில்லு இருக்கிறதா, அதை விலக்க ஜம்பர் (கழற்றி மாட்டும் சின்ன இணைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பலகை சோதனையில் இது ஒருபோதும் மாட்டாது.

அன்றைக்கு எட்டிலிருந்தும் அந்தச் சில்லை எடுத்துவிட்டு, வரிசையின் முதல் பெட்டியிலும் எட்டாவது பெட்டியிலும் மட்டும் ஒவ்வொரு 120 ஓம் சால்டர் செய்தேன். மீட்டர் 60 காட்டியது. வரிசை ஓடியது. அது தீர்வு இல்லை என்று அப்போதே தெரியும். சக்கரம் வைத்த பெட்டிக்கு ‘முதல்’, ‘எட்டாவது’ என்பதெல்லாம் அன்றைய நிலவரம் மட்டும்தான்.

இந்த ரெசிஸ்டர் ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பொதுவாக எல்லோரும் சொல்லும் காரணம் எதிரொலிப்பு. முறுக்கிய இரட்டைக் கம்பிக்கு 120 ஓம் அளவில் ஓர் இயல்பு மின்தடை உண்டு. கம்பி முடியும் இடத்தில் அதே அளவு ரெசிஸ்டர் இருந்தால் வருகிற அலை அங்கேயே அடங்கிவிடும். வெறும் முனையாக விட்டால் அப்படியே திரும்பி வரும். இது உண்மைதான். ஆனால் எங்களைப் போன்ற குட்டை வரிசைக்கு அது இரண்டாவது காரணம். எங்கள் கேபிள் மொத்தம் 20 மீட்டர். அலை மீட்டருக்கு 5 நானோ விநாடி எடுக்கும். போய்த் திரும்ப 200 நானோ விநாடி. 250 கிலோபிட்டில் ஒரு பிட்டின் நீளம் 4,000 நானோ விநாடி, அதைப் படித்துப் பார்க்கும் இடம் 3,500-க்குப் பக்கத்தில். அதற்குள் எதிரொலி பலமுறை போய்வந்து ஓய்ந்துவிடும்.

முதல் காரணம் வேறு. கேன் சிப் கம்பிகளை விலக்கி இழுக்கும், அவ்வளவுதான். திரும்பச் சேர்த்து வைக்காது. டாமினன்ட் முடிந்ததும் சிப் கையை விட்டுவிடும். இரண்டு கம்பியையும் மறுபடி ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவருவது இந்த ரெசிஸ்டர்தான். ரெசிஸ்டரே இல்லையென்றால்? கேபிளும் பலகைகளும் சேர்ந்து தோராயமாக 1.5 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஓம் வழியாக அது வடிய 90 நானோ விநாடிதான் அளவுகோல். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் எட்டு சிப்களின் உள்மின்தடை மட்டுமே மிச்சம், எல்லாம் சேர்ந்து ஆறாயிரம் ஓம் போல. அப்போது 9,000 நானோ விநாடி. பிட்டோ 4,000. அடுத்த பிட் வந்த பிறகும் பழைய பிட் வடிந்துகொண்டே இருக்கும். அனுப்பிய சிப் தான் அனுப்பியதையே தவறாகப் படித்து, ஒவ்வொரு தவறுக்கும் தன் பிழைக் கணக்கில் 8 ஏற்றிக்கொள்ளும். 255-ஐத் தாண்டினால் பஸ்ஸை விட்டே விலகிவிடும். 32 முயற்சி போதும், கண் இமைக்கும் நேரம்.

இது எனக்கு நேரிலேயே கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து கிடங்கிலிருந்து போன். முதல் பெட்டியையும் எட்டாவது பெட்டியையும் தனியாக எடுத்து வாசலில் போட்டிருக்கிறார்கள். மீதி ஆறும் செத்துக் கிடக்கிறது. இரண்டு ரெசிஸ்டரும் வாசலுக்குப் போய்விட்டன.

அதற்கு முன்னால் ஒரு வாரம் அந்த இரண்டு பெட்டிகளும் வரிசையின் நடுவே பக்கத்தில் பக்கத்தில் நின்று ஓடியதும் அப்போதுதான் தெரிந்தது. அதே மாதிரி நிறுத்திப் பார்த்தேன். மீட்டரில் அதே 60. ஸ்கோப்பில் ஒவ்வொரு பிட்டின் பின்னாலும் அலை தளும்பித் தளும்பி அடங்கியது. வேகம் குறைவு என்பதால் தப்பித்தது. 1 மெகாபிட்டில் இதே கம்பி இப்படிப் பொறுத்துக்கொள்ளும் என்று நான் நம்பமாட்டேன். மீட்டர் எத்தனை ஓம் என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது.

கேன் பஸ்ஸை பாஷ் நிறுவனம் காருக்காகச் செய்தது. 1986-இல் வெளியிட்டார்கள், 1993-இல் ஐஎஸ்ஓ 11898 என்ற தரமாக ஆனது. காரில் ஒருமுறை கட்டிய கம்பி கடைசிவரை அதே கம்பிதான். எது முனை என்று தொழிற்சாலையிலேயே தெரியும். பெட்டியைத் தள்ளி வைத்து விளையாடும் நம் மாதிரி ஆட்களுக்குத் தரத்தில் நேர் விடை கிடையாது.

அடுத்து ஜம்பர் சுவிட்ச். ஒவ்வொரு பெட்டியிலும் 120 ஓமும் ஒரு சின்ன சுவிட்சும் வைத்து, “கடைசிப் பெட்டியில் மட்டும் ஆன் பண்ணுங்க” என்று சொல்லிக் கொடுத்தேன். அங்கே பெட்டி தள்ளும் தம்பி ஒருவர் உண்டு, இருபது வயது இருக்கும். மூன்றாம் நாள் போனபோது அவர் கேட்டார்: “அண்ணா, எது கடைசிப் பெட்டி? நேத்து இது கடைசி. இன்னிக்கு நடுவுல நிக்குது. இப்ப ரெண்டு வரிசை, அப்ப நாலு கடைசியா?”

நாலுதான். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு முனை. நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியில் நிறுத்தி, “கேபிள் மாட்டாத ஓட்டை எதுல இருக்கோ அதானே கடைசி?” என்றார்.

அந்த ஒரு கேள்விதான் இந்த வேலையைத் திருப்பிவிட்டது. நான் அதுவரை ரெசிஸ்டரைப் பெட்டியின் உடைமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது காலியாக இருக்கும் சாக்கெட்டுடைய உடைமை. பெட்டிக்கு இரண்டு சாக்கெட் என்றால் ரெசிஸ்டரும் இரண்டு வேண்டும். எந்தச் சாக்கெட்டில் பக்கத்துப் பெட்டி இல்லையோ அந்தச் சாக்கெட் தன் ரெசிஸ்டரைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். தனியாக நிற்கும் ஒரு பெட்டிக்கு இரண்டு பக்கமும் காலி, அதிலேயே 60 ஓம் வந்துவிடும். எட்டு சேர்ந்தாலும் காலிச் சாக்கெட் இரண்டுதான். அப்போதும் 60.

இதையே கையால் செய்ய எளிய வழி ஒன்று உண்டு. 120 ஓமை உள்ளே வைத்த மூடி ஒன்றைச் சாக்கெட்டோடு சங்கிலியில் கட்டி, கேபிள் இல்லாதபோது மூடச் சொல்வது. ஆலைகளில் எம்12 கனெக்டரில் இப்படி டெர்மினேட்டர் மூடி விற்கிறார்கள், நம்பகமான பொருள். எங்கள் இடத்தில் சங்கிலி ஒரு மாதம் தாங்காது என்று தோன்றியதால் விட்டுவிட்டேன். பெட்டியை அடிக்கடி நகர்த்தாத இடமென்றால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

சாக்கெட்டில் பிளக் நுழைந்தால் விலகும் தொடர்பு ஒன்றை வைக்கலாமா என்றும் யோசித்தேன், இயர்போன் ஜாக்கில் இருப்பது போல. ஆனால் அங்கே பாதிநேரம் கேபிளின் ஒரு முனை பெட்டியில் மாட்டியிருக்கும், மறுமுனை தரையில் கிடக்கும். பிளக் நுழைந்துவிட்டது, அதனால் ரெசிஸ்டர் விலகிவிடும், அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஆகவே ‘பக்கத்தில் ஆள் இருக்கிறது’ என்ற சேதி கேபிளின் மறுமுனையில் இருக்கும் பெட்டியிலிருந்தே வர வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் ஏவியேஷன் கனெக்டர் என்று கேட்டால் தருவார்கள், ஜிஎக்ஸ்16 வகை. ஆறு பின் வாங்கினேன். 24 வோல்ட், கிரவுண்டு, கேன்-ஹெச், கேன்-எல் என்று நாலு போக இரண்டு பின் மிச்சம். ஐந்தாவது பின்னை எல்லாச் சாக்கெட்டிலும் கிரவுண்டோடு சேர்த்தேன். ஆறாவது பின், கேட்கும் பின். கேபிளில் ஐந்தையும் ஆறையும் மட்டும் குறுக்கே மாற்றி சால்டர் செய்தேன். பக்கத்துப் பெட்டி உண்மையிலேயே மாட்டியிருந்தால் அதன் ஐந்தாவது பின் என் ஆறாவது பின்னைக் கிரவுண்டுக்கு இழுக்கும், அதே நேரம் என் ஐந்து அதன் ஆறை இழுக்கும். பெட்டியைத் திருப்பி நிறுத்தினாலும், கேபிளை எப்படி மாட்டினாலும் சரியாக இருக்கும். மறுமுனை தரையில் கிடந்தால் சேதி வராது, ரெசிஸ்டர் இருந்த இடத்திலேயே இருக்கும். தொங்கும் இரண்டு மீட்டர் கேபிள் ஒரு வால்தான், 250 கிலோபிட்டுக்கு அது பெரிய பாரம் இல்லை.

முதல் தடவை இதைக் குறைந்த சாமானில் முடித்தேன். 5 வோல்ட் சிக்னல் ரிலே, காயிலின் ஒரு முனை 5 வோல்ட்டில், மறுமுனை ஆறாவது பின்னில். ரெசிஸ்டர் என்சி தொடர்பில், அதாவது ரிலே இழுக்காதபோது மூடியிருக்கும் தொடர்பில். பக்கத்துப் பெட்டி வந்தால் ரிலே இழுக்கும், ரெசிஸ்டர் விலகும். மின்சாரம் இல்லாவிட்டாலும் ரெசிஸ்டர் இருக்கும், அது பாதுகாப்பு என்று மனசுக்குப் பட்டது.

ஒன்றரை மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒருநாள் எட்டு பெட்டியும் திக்கித் திக்கி ஓடியது. போய்ப் பார்த்தால் ஐந்தாவது பெட்டியின் கன்ட்ரோல் பியூஸ் போயிருக்கிறது. ஒரு பெட்டி நின்றிருக்கலாம், அது நியாயம். மற்ற ஏழும் ஏன் திக்க வேண்டும்?

அந்தப் பெட்டிக்குள் 5 வோல்ட் இல்லை. அதன் இரண்டு ரிலேயும் விழுந்துவிட்டன. நடு வரிசையில் இரண்டு 120 ஓம் புதிதாகச் சேர்ந்துவிட்டது. முனைகளில் இரண்டு, நடுவே இரண்டு, மொத்தம் 30 ஓம். ஸ்கோப்பில் டாமினன்ட் அளவு ஒன்றரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சு கேட்கிறது, தூரத்துப் பெட்டிக்குச் சில நேரம் கேட்கிறது, சில நேரம் இல்லை.

அன்றைக்கு உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்த்தேன். என்சி முறையில் நடுப்பெட்டி செத்தால் 30 ஓம், எல்லோருக்கும் தொல்லை. முனைப் பெட்டி செத்தாலும் அதன் உள்பக்க ரெசிஸ்டர் ஒன்று கூடுதலாகச் சேர்ந்து 40 ஓம். அதையே என்ஓ முறைக்கு மாற்றினால், அதாவது மின்சாரம் இருந்து ரிலே இழுத்தால்தான் ரெசிஸ்டர் சேரும் என்றால், நடுப்பெட்டி செத்தால் பஸ்ஸுக்குத் தெரியவே தெரியாது. முனைப் பெட்டி செத்தால் ஒரு ரெசிஸ்டர் குறையும், மிச்சம் 120 ஓம். எங்கள் நீளத்துக்கும் வேகத்துக்கும் அது தாங்கும், சோதித்தும் பார்த்தேன். வரிசையில் முனைப் பெட்டி இரண்டு, நடுப்பெட்டி ஆறு. எது அடிக்கடி நடக்கும் என்பது தெளிவு. இன்னொரு லாபமும் உண்டு. என்சி முறையில் எட்டு பெட்டி வரிசையில் 14 ரிலே நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தது, ரிலேக்கு 30 மில்லி ஆம்பியர். என்ஓ முறையில் இரண்டே இரண்டு.

செத்த பெட்டி பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதால், மின்சாரம் இல்லாதபோது கம்பியை இழுக்காத டிரான்சீவராக இருப்பது முக்கியம். வாங்கும்போது டேட்டாஷீட்டில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவதற்கு ஒரு டிரான்சிஸ்டர் கூடுதலாகத் தேவைப்பட்டது. பிசி547, அதன் பேஸுக்கு 5 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோ ஓம், அதே பேஸில் ஆறாவது பின். யாரும் இழுக்காவிட்டால் டிரான்சிஸ்டர் ஆன், ரிலே இழுக்கும், ரெசிஸ்டர் சேரும். பக்கத்துப் பெட்டி பேஸைக் கிரவுண்டுக்கு இழுத்தால் ஆஃப். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4148 டயோடு. இந்த முடிவில் மென்பொருளுக்கு வேலையே வைக்கவில்லை. மைக்ரோகன்ட்ரோலர் பூட் ஆகும் முன்பே ரெசிஸ்டர் தன் இடத்தில் இருக்கும். அதன் நிலையை மட்டும் மைக்ரோகன்ட்ரோலர் படித்து அனுப்பும். திரையில் ‘திறந்த முனை: 2’ என்று வரும். வேறு எண் வந்தால் ஏதோ ஒரு கேபிள் சரியாக மாட்டவில்லை என்று பொருள்.

மோட்டார் டிரைவ்களின் இரைச்சலுக்காக ஒற்றை 120 ஓமுக்குப் பதில் பிரித்த டெர்மினேஷன் வைத்தேன். இரண்டு 60 ஓம் தொடராக, நடுப்புள்ளியிலிருந்து 4.7 நானோஃபாரட் கிரவுண்டுக்கு. 60 ஓம் நான் தேடிப்போன கடைகளில் கிடைக்கவில்லை. கையில் பழுப்பு-சிவப்பு-பழுப்பு கோடு போட்ட 120 ஓம் ஒரு பை நிறைய இருந்தது. இரண்டு இணைந்தால் 60. ஆக ஒரு முனைக்கு நாலு ரெசிஸ்டர். இதில் ஒரு பொறி உண்டு. ரிலேயில் ஒரே தொடர்பை வைத்து கேன்-ஹெச் பக்கத்தை மட்டும் துண்டித்தால், கேன்-எல் கம்பியில் 60 ஓமும் கெப்பாசிட்டரும் தொங்கிக்கொண்டே இருக்கும். 14 இடத்தில் அப்படித் தொங்கினால் 65 நானோஃபாரட்டுக்கு மேல், அதுவும் ஒரே கம்பியில். இரண்டு தொடர்பு உள்ள ரிலே வாங்கி இரண்டு பக்கத்தையும் துண்டியுங்கள்.

கால் வாட் ரெசிஸ்டர் போதுமா என்று கேட்பார்கள். சாதாரண ஓட்டத்துக்குத் தாராளம், 2 வோல்ட்டில் 120 ஓம் 33 மில்லிவாட்தான் தின்னும். ஆனால் எங்களைப் போல ஒரே கேபிளில் 24 வோல்ட்டையும் ஓட்டினால், கேபிள் நசுங்கி ஷார்ட் ஆகும் நாளில் ஏறக்குறைய 5 வாட் வரும். சக்கரம் ஏறிய கேபிள் ஒன்றில் அது நடந்தது. ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகள் கருகி, பழுப்பும் சிவப்பும் ஒன்றாகியிருந்தன. வெளியே பார்க்க முழுதாக இருந்தது, மீட்டரில் முடிவிலி. அதற்குப் பிறகு கேபிள்மேல் சுருள் குழாய் போட்டோம்.

என்ஓ முறையில் ஒரு வழக்கம் கைவிட்டுப் போகும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீட்டரில் 60 பார்ப்பது பழகிய சோதனை. இங்கே மின்சாரம் போனால் எல்லா ரெசிஸ்டரும் விலகிவிடும், 60 வராது. அதனால் ஒரு பெட்டியைத் தனியாக எடுத்து, மின்சாரம் கொடுத்து, மைக்ரோகன்ட்ரோலரை ரீசெட்டில் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். கம்பிகளில் பேச்சு இல்லாததால் இரண்டுக்கும் வித்தியாச வோல்ட் கிட்டத்தட்ட சைபர், மீட்டர் 60-ஐ ஒட்டிக் காட்டும். 120 காட்டினால் ஒரு பக்கத்து ரெசிஸ்டர் போயிற்று. இதை எழுதி ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு உள்பக்கமும் ஒட்டியிருக்கிறேன். நான் இல்லாத நாளில் வேறு யாராவது வந்து 60 தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது.

போன வாரம் வேறு வேலையாக அந்தக் கிடங்குக்குப் போயிருந்தேன். சாயங்காலப் பிரிப்புக்கு வரிசையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி நாலாவது பெட்டிக்கும் ஐந்தாவது பெட்டிக்கும் நடுவே இருந்த கேபிளை உருவினார். இரண்டு பெட்டிக்குள்ளிருந்தும் ‘டிக்’ என்று சத்தம் வந்தது. வலதுபக்க வரிசையின் திரையை எட்டிப் பார்த்தார், இடதுபக்கத் திரையையும் பார்த்தார். “ரெண்டு, ரெண்டு” என்று சொல்லிவிட்டு பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.